சுட்டி இல்லாத பலகை

கார்களுக்கு சீட் செய்கிற கம்பெனியில் குடும்ப விழா வைத்தால் என்ன போட்டி நடத்துவார்கள்? மியூசிக்கல் சேர்தான். வருஷம் முழுக்க நின்றுகொண்டே அடுத்தவர் உட்கார சீட் தைத்துக் கொடுக்கிற பெண்களுக்கு ஒருநாள் உட்கார வாய்ப்புக் கிடைத்தால் சும்மா விடுவார்களா? அன்று ஒரகடத்தில் முழங்கைகள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. கடைசியில் ஒரே ஒரு நாற்காலி, இரண்டு பேர். பாட்டு நின்றதும் கிளியம்மாள் உட்காரப்போன இடத்தில் அவளுக்கு முந்தி மாரிசெல்வி உட்கார்ந்திருந்தாள். அது தன்னுடைய நாற்காலி என்று கிளியம்மாள் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

பரிசு ஒரு டேப்லெட். பெயர் வாயில் நுழையாத ஏதோ ஒரு கம்பெனி செய்தது. வடக்குப்பட்டில் மாரிசெல்வி குடியிருந்த வீட்டுக்காரம்மா லூர்தம்மாள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னாம்மே இது, பூரி தேய்க்கிற பலகையாட்டம் கீது?" என்றாள். அன்றிலிருந்து அதற்குப் பலகை என்றே பெயர் நிலைத்துவிட்டது.

பலகை வந்த வேளையோ என்னவோ, அடுத்த மாதமே கம்பெனியில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். பிளானிங் அறைக்கு ஓர் ஆள் தேவை. ஷிஃப்ட் அட்டவணை போடுகிற வேலை. டிகிரி முடித்த லைன் ஆட்களும் விண்ணப்பிக்கலாம். திங்கட்கிழமை தேர்வு, லேப்டாப் கொண்டுவர வேண்டும்.

டிகிரி முடித்திருந்த மாரிசெல்விக்கு அந்த வேலையில் சம்பளத்தைவிடப் பெரிய ஆசை ஒன்று இருந்தது. பிளானிங் அறைக்கு ஜெனரல் ஷிஃப்ட். காலையில் போனால் சாயங்காலம் வீடு. தை மாதம் அவளுக்கும் அத்தை மகன் இசக்கிக்கும் கல்யாணம் என்று களக்காட்டில் இரண்டு வீட்டிலும் பேசி முடித்திருந்தார்கள். இசக்கி பக்கத்திலேயே டயர் கம்பெனியில்தான் வேலை பார்த்தான். ஒரே ஊர், ஒரே ரோடு, ஆனால் பார்க்கத்தான் கொடுத்துவைக்கவில்லை. அவனுக்குக் காலை ஷிஃப்ட் என்றால் அவளுக்கு மதிய ஷிஃப்ட். அவளுக்குக் காலை என்றால் அவனுக்கு மதியம். ஒரகடம் கூட்ரோட்டில் அவன் இறங்குவதும் அவள் ஏறுவதுமாக, டீக்கடையில் நின்று பேசுகிற நேரம்தான் அவர்களுடைய காதல். அந்த டீயைக்கூட ஒருநாளும் முழுசாகக் குடித்ததில்லை. பாதி டம்ளரில் கம்பெனி வண்டி ஹாரன் அடித்துவிடும்.

இந்த வேலை கிடைக்காவிட்டால் கல்யாணத்துக்குப் பிறகும் இதே கதைதான். ஒருவர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போக, மற்றவர் வாங்கிக்கொண்டு வர, குடித்தனம் பூட்டோடும் சாவியோடும் நடக்கும். அதை நினைத்தாலே மாரிசெல்விக்கு அழுகை வந்தது.

லேப்டாப்புக்கு எங்கே போவது? பன்னிரண்டாம் வகுப்பில் கிடைத்தது ஊரில் தம்பி கைக்குப் போய்க் கீபோர்டுப் பல்லெல்லாம் உதிர்ந்து கிடந்தது. தன்னுடையதைத் தருகிறேன் என்று சொல்லியிருந்த இசக்கியின் நண்பன் சுடலை, ஊரில் கோயில் கொடை என்று லேப்டாப்போடு ரயில் ஏறிவிட்டான். மிச்சம் இருந்தது பலகை ஒன்றுதான்.

"இதுவே போதும்ட்டி. லேப்டாப்புங்கது என்ன? வாயத் தொறந்த டேப்லெட்டு. அம்புட்டுத்தான்" என்றாள் அறைத்தோழி சுகப்பிரியா. அவள் சுங்குவார்சத்திரம் பக்கம் செல்போன் செய்கிற கம்பெனியில் திருகு மாட்டுகிறவள். உலகத்தில் உள்ள எந்தத் திரையைப் பற்றியும் கருத்துச் சொல்ல அந்தத் தகுதி போதும் என்பது அவள் எண்ணம்.

இசக்கி அப்படி நினைக்கவில்லை. வெள்ளிக்கிழமை டீக்கடைக்கு ஒரு மவுஸ் வாங்கிக்கொண்டு வந்திருந்தான். அதைப் பலகையோடு இணைக்க ஒரு குட்டி வயரும் வாங்கியிருந்தான். டம்ளரை ஓரமாக வைத்துவிட்டு இருவரும் குனிந்து பார்த்தார்கள். மவுஸின் வயிற்றில் சிவப்பு விளக்கு எரிந்தது. திரையில் அம்பு மட்டும் வரவில்லை. இப்படித் தேய்த்தான், அப்படித் தேய்த்தான், சட்டையில் துடைத்துவிட்டுத் தேய்த்தான். ஊஹும். டீக்கடைக்காரர் தன் பங்குக்கு ஒருமுறை தேய்த்துப் பார்த்துவிட்டுப் போனார். அமைப்புகள் முழுக்கத் துழாவிப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. அந்த டேப்லெட்டுக்கு மவுஸ் என்று ஒரு பிராணி உலகத்தில் இருப்பதே தெரியாது.

"மவுஸ் இல்லாத கம்ப்யூட்டர் ஒரு கம்ப்யூட்டரா? இது பெரிய சைஸ் போனுட்டி. இத வச்சுக்கிட்டுப் பரிச்சைக்குப் போனா வாசல்லயே சிரிச்சு அனுப்பிருவான்" என்றான் இசக்கி.

மாரிசெல்விக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நான் வெரலாலயே போட்டுக் காட்டுதேன், பாக்கியளா?"

"இந்தப் பலகை மட்டும் லேப்டாப் பாக்க வேலையப் பாத்துட்டுன்னா நான் மீசைய எடுத்துருதேன், போ!"

இசக்கியின் மீசை சாதாரண மீசையல்ல. டயர் கம்பெனியில் அவனைத் தெரியாதவர்களுக்கும் அந்த மீசையைத் தெரியும். அதைப் பணயம் வைத்துவிட்டு வண்டி கிளம்பும்போது ஜன்னலோரமாக ஓடிவந்து, "நல்லாப் போடு, என்னா" என்றும் சொன்னான். தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே பந்தயம் கட்டுகிறவனை என்ன செய்வது? அவளுக்குக் கோபம் பாதியில் நின்றுவிட்டது.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் பலகையோடு மல்லுக்கட்டினாள். ஒரு கட்டத்தைத் தொட்டால் பக்கத்துக் கட்டம் எழுந்து 'என்ன?' என்று கேட்டது. மேலே எழுதியதைக் கீழ்வரை இழுத்து நிரப்பலாம் என்று விரலை வைத்தால், அட்டவணை முழுவதும் வழுக்கிக்கொண்டு ஓடியது. எழுத விசைப்பலகை வேண்டுமென்றால் அது பாதித் திரையை மறைத்துக்கொண்டு குந்தியது. "கைய நல்லா சோப்பு போட்டுக் கழுவுட்டி, முறுக்கு எண்ணெ" என்றாள் சுகப்பிரியா. கழுவினாள். பலகைக்கு அதெல்லாம் ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. ஒரே ஒரு காரியத்தை மட்டும் அது சொன்னபடி கேட்டது: கட்டத்துக்குள் சின்னப் பெட்டி வைத்துவிட்டால், விரல் பட்டதும் டக்கென்று டிக் விழுந்தது. அதில் மட்டும் அதற்கு நிகர் அதுதான்.

மாரிசெல்விக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. பள்ளியில் அவள் கணினி அறிவியலைத் தமிழில் படித்தவள். மற்ற நேரத்தில் எல்லாரையும் போல மவுஸ், ஃபைல் என்றுதான் பேசுவாள். பதற்றம் வந்துவிட்டால் இங்கிலீஷெல்லாம் ஓடி ஒளிந்துகொள்ளும். பாடப்புத்தகம் எழுந்து நின்று பேசும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் தையல் மெஷினின் திரை அசையாமல் நின்றபோது, "சார், திரை உறைஞ்சிருச்சு!" என்று கத்தினாள். சூப்பர்வைசர் ஜன்னல் ஜன்னலாகப் போய்த் திரைச்சீலையைத் தேடினார். போதாததற்கு, சகரத்தை அழுத்திச் சொல்கிற அவள் ஊர்ப் பேச்சு வேறு. "சோத்தக்கூட ச்சோறுன்னு இன்னாத்துக்கும்மே கடிக்கிற?" என்று லூர்தம்மாள் தினமும் கேலி செய்வாள்.

திங்கட்கிழமை காலை பயிற்சி அறையில் எல்லாரும் லேப்டாப்பைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தார்கள். மாரிசெல்வி பலகையைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்தாள். அது ஒருமுறை சரிந்து விழுந்தது. ஹெச்.ஆர். புருஷோத்தமன் எட்டிப் பார்த்தார். மணிமங்கலத்துக்காரர், நல்ல மனிதர். "லேப்டாப் இல்லியாம்மா? சரி, இத்த வச்சிகினு முடிஞ்சத பண்ணு" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

பிளானிங் அறையின் தலைவர் திவாரி. கான்பூர்க்காரர். கேன்டீனிலும் லைனிலும் பொறுக்கி எடுத்த தமிழை வைத்துக்கொண்டு தைரியமாகப் பேசுவார். எல்லாருக்கும் ஒரே ஃபைலை அனுப்பினார். ஒரு லைன் ஆட்களின் பெயர்கள், மாதத்தின் நாட்கள், காலிக் கட்டங்கள். ஷிஃப்ட்டைச் சமமாகப் பிரித்து நிரப்ப வேண்டும்.

அறையெங்கும் மவுஸ்கள் டிக் டிக்கென்று பேச ஆரம்பித்தன. பக்கத்தில் இருந்தவர் ஒரே இழுப்பில் ஒரு வாரத்தை முடித்தார். மாரிசெல்வி விரலை வைத்து இழுத்தாள். அட்டவணை ஓடியது. துரத்திப் பிடித்து மறுபடி இழுத்தாள். மறுபடியும் ஓடியது. கண் முன்னால் ஒரு பூட்டும் சாவியும் ஆடின.

திவாரி அவள் பின்னால் வந்து நின்றார். "என்ன பிராப்ளம்?"

அவ்வளவுதான், பாடப்புத்தகம் எழுந்து நின்றுவிட்டது.

"சார், ச்சுட்டி இல்ல சார்!"

மவுஸுக்குத் தமிழில் சுட்டி என்றுதானே படித்திருந்தாள்!

திவாரியின் முகம் மாறியது. "ச்சுட்டி இல்லே?"

"ஆமா சார். ச்சுட்டி இல்லாம மனுசன் எப்பிடி சார் வேல பாக்க முடியும்?" என்றாள். கேட்கும்போதே குரல் உடைந்தது.

திவாரி குனிந்து பலகையைப் பார்த்தார். அட்டவணையை நகர்த்தினார், இன்னும் நகர்த்தினார். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டார். "அரே! புருஷோத்! இங்கே வா! யாருக்கும் ச்சுட்டி இல்லே! முழு மாசம் டியூட்டி! நான் சண்டே வைக்கலே, வீக்லி ஆஃப் வைக்கலே, ஒண்ணும் வைக்கலே!"

மவுஸ் சத்தமெல்லாம் நின்றது. லேப்டாப்காரர்கள் தங்கள் திரையைப் பார்த்தார்கள். அவரவர் கணக்குப்படி அந்த லைன் மாதம் முழுவதும் ஒருநாள் ஓய்வில்லாமல் உழைத்துக்கொண்டிருந்தது.

"எல்லாரும் நிரப்பிட்டே போறாங்க. இந்தப் பொண்ணு மட்டும் கேக்குது, ச்சுட்டி இல்லாம மனுஷன் எப்படி வேலை பார்ப்பான்னு! சபாஷ்!" என்றார் திவாரி.

மாரிசெல்விக்கு ஒன்றும் விளங்கவில்லை. புருஷோத்தமன்தான் அவள் காதருகே குனிந்து, "இந்தில சுட்டின்னா லீவும்மா" என்றார். அவருக்கு இரண்டு பக்கமும் புரிந்திருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். வேலை மடியில் வந்து விழும். தை மாதம், ஒரே நேரத்தில் வீட்டில் இரண்டு பேர், முழு டம்ளர் டீ. எல்லாம் ஒரு மௌனத்தில் கிடைத்துவிடும். மாரிசெல்வி மௌனமாக இருக்கத்தான் பார்த்தாள். ஆனால் வயிற்றிலிருந்து ஒரு சிரிப்புக் கிளம்பி, தொண்டையில் முட்டி, மூக்கு வழியாக வெளியே வந்துவிட்டது. சிரிப்பை அடக்கத் தெரியாதவளுக்குப் பொய் எப்படி வரும்?

"சார், நான் லீவச் சொல்லல. மவுஸச் சொன்னேன். எங்க புஸ்தகத்துல மவுஸுக்குச் சுட்டின்னு பேரு. இந்த டேப்லெட்டுல மவுஸ் வேல செய்யாது சார்."

திவாரி பலகையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். "மவுஸ் இல்லே… ச்சுட்டி இல்லே…" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். புருஷோத்தமனும் அடக்கியதையெல்லாம் கொட்டினார். லேப்டாப்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு திவாரி சொன்னார்: "ஓகே. நீ சொன்னது வேறே. ஆனா ச்சுட்டி இல்லே, அது நிஜம். இப்போ புது டெஸ்ட். எல்லாரும் லைனுக்குப் போங்க. யாருக்கு எந்த நாள் லீவு வேணும், கேட்டுப் போடுங்க. வேலை நிக்கக் கூடாது, ஆளும் சந்தோஷமா இருக்கணும்."

அறையை விட்டு வெளியே போகும் முன்பே மாரிசெல்வி ஒவ்வொரு கட்டத்திலும் சின்னப் பெட்டியை வைத்துவிட்டாள். பலகைக்குத் தெரிந்த ஒரே வித்தை அதுதானே!

லைனில் டீ இடைவேளை. லேப்டாப்காரர்கள் திறந்த லேப்டாப்பை ஒரு கையில் பந்திச் சாப்பாட்டு இலையைத் தூக்குகிற மாதிரி ஏந்திக்கொண்டு, மறுகையால் தட்டப் பார்த்தார்கள். ஒருவருடைய மவுஸ் வயரில் தொங்கி ஆடியது. "யோவ், எலி புட்ச்சிகினு வந்துகீறியா?" என்று யாரோ கேட்க, அங்கேயே ஒரு சிரிப்பு. கடைசியில் அவர்கள் லேப்டாப்பை மூடிவிட்டு உள்ளங்கையில் பேனாவால் எழுத ஆரம்பித்தார்கள்.

மாரிசெல்வி பலகையை ஒரு கையில் பிடித்தபடி கூட்டத்துக்கு நடுவே போய் நின்றாள். "அவங்கவங்க பேருக்கு நேரா, வேணுங்கற நாளத் தொடுங்க."

அவ்வளவுதான். ஆளாளுக்குத் தொட வந்துவிட்டார்கள். தன் லீவைத் தானே தொட்டு எடுத்துக்கொள்வது அந்த லைனில் அதுவரை நடக்காத சங்கதி. மெர்சி ஞாயிற்றுக்கிழமைகளை வரிசையாகத் தொட்டாள்: "மாதா கோயிலு. அத்த எவனும் தொடக்கூடாது." வெள்ளிக்கிழமை விரதக்காரிகள் வெள்ளியைப் பிடித்தார்கள். ஒரே ஞாயிறில் நான்கு டிக் விழுந்தபோது, அட்டவணை கண்ணெதிரே இருந்ததால் அவர்களே அடித்துக்கொண்டு, அவர்களே விட்டுக்கொடுத்து, அவர்களே மாற்றித் தொட்டார்கள். மாரிசெல்விக்குப் பலகையை நேராகப் பிடிப்பதைத் தவிர வேலையே இல்லை.

கிளியம்மாள் பசை ஒட்டுகிற பிரிவு. கையில் பிசுபிசுத்த உறை. அந்த உறைக்குப் பலகை மசியவில்லை. கழற்றினால் மறுபடி மாட்டுவதற்குள் இடைவேளை முடிந்துவிடும்.

"அன்னிக்கி என் சேர்ல குந்திகினு வாங்கினதுதானே இது. எனக்கு மட்டும் வேல செய்யாதா?" என்று குனிந்தாள். மூக்கால் தீபாவளிக்கு மறுநாளைத் தொட்டாள். டக்கென்று டிக் விழுந்தது. லைனே கைதட்டியது. அதற்குப் பிறகு கையுறை போடாதவர்கள்கூட மூக்கால்தான் தொடுவோம் என்று அடம்பிடித்தார்கள்.

பயிற்சி அறைக்குத் திரும்பியபோது மற்றவர்கள் உள்ளங்கையைப் பார்த்துத் தட்டிக்கொண்டிருந்தார்கள். மாரிசெல்வி பலகையை அப்படியே திவாரியிடம் நீட்டினாள். அவர் வாங்கி, "ஸ்கிரீன் மேலே இது என்ன கறை?" என்று கேட்டார்.

"மூக்கு சார்."

மறுநாள் பெயர் வந்தது. வேலை அவளுக்கு. நோட்டீஸ் போர்டுக்கு முன்னால் நின்று அவள் அழுதாள். சந்தோஷத்தில் வருகிற அழுகைக்குத் துடைக்கக்கூடத் தோன்றாது. கிளியம்மாள்தான் தன் துப்பட்டாவால் துடைத்துவிட்டு, "இந்த சேரு உன்னுதுதான், கெட்டியா புட்ச்சிக்க" என்றாள். கூடவே புருஷோத்தமன் ஒரு பையையும் கொடுத்தார். திறந்து பார்த்தால் லேப்டாப்!

அந்த லேப்டாப்பால் வந்தது வினை. ஞாயிற்றுக்கிழமை லூர்தம்மாள் வீட்டு வாசலில் பஞ்சாயத்துக் கூடியது.

"பலகையாலதான வேல கெடச்சுது? மீசைய எடுங்க அண்ணே" என்றாள் சுகப்பிரியா.

"அதெப்பிடி? பலகை போதும்னா அவன் எதுக்கு லேப்டாப்பக் குடுக்கான்? பலகையால ஆகாதுன்னுதான? நான் செயிச்சுட்டேன்" என்றான் இசக்கி, மீசையைக் கையால் மூடிக்கொண்டு.

"லைனுக்குப் பலகை, மேசைக்கு லேப்டாப்புனு திவாரி சாரே சொல்லிட்டாரு" என்றாள் மாரிசெல்வி.

லூர்தம்மாள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கையை உதறிவிட்டுத் தீர்ப்பைச் சொன்னாள். "பாதி வேல அது செஞ்சிது, பாதி வேல இது செய்யப்போவுது. நீ பாதி ஜெயிச்ச, பாதி தோத்துட்ட. ஒரு பக்கம் எடு."

"ஒரு பக்கமா? அதுக்கு ரெண்டயும் எடுத்துருதேன் ஆத்தா!"

"அதெல்லாம் கெடையாது. பாதி தோத்தா பாதிதான்."

இசக்கி எழுந்து போய்விட்டான். கோபித்துக்கொண்டானோ என்று மாரிசெல்விக்கு அன்று முழுக்க மனசு கேட்கவில்லை.

மறுநாள் ஜெனரல் ஷிஃப்ட்டின் முதல் நாள். சாயங்கால வெயில் இன்னும் இருக்கும்போதே கம்பெனி வண்டி அவளை ஒரகடம் கூட்ரோட்டில் இறக்கிவிட்டது. டீக்கடையில் இசக்கி நின்றிருந்தான். முகத்தில் கைக்குட்டை.

"சளியா அத்தான்?"

அவன் தலையாட்டினான். அவள் கைக்குட்டையைப் பிடித்து இழுத்தாள். வலது பக்கம் மீசை பழைய மிடுக்கோடு முறுக்கி நின்றது. இடது பக்கம் பச்சைப் பிள்ளை முகம். ரோடு என்றும் பார்க்காமல் மாரிசெல்வி சிரித்த சிரிப்பில் பஸ்ஸுக்கு நின்றவர்களெல்லாம் திரும்பினார்கள்.

"காலை ஷிஃப்ட் முழுக்க இப்பிடியேதான் நின்னேன். லைன்ல எவனும் ஒழுங்கா டயர் போடல" என்றான் இசக்கி. பிறகு சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து அவள் கையில் வைத்தான். பலகை ஏற்க மறுத்த அதே மவுஸ். "அன்னைக்கி ஒன் பலகை இதத் தொரத்திட்டு. இப்பம் லேப்டாப்பு வந்துட்டுல்லா. இதுக்கும் ஒரு வேல போட்டுக் குடு."

அவள் மவுஸை உள்ளங்கையில் பொத்திக்கொண்டாள். அடுத்த வாரம் அவனுக்கு மதிய ஷிஃப்ட் வரும். அப்போது இந்த டீ கிடையாது. பரவாயில்லை. ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் என்றாலும், வருஷத்தில் பாதி. பாதி மீசைக்குப் பாதி வருஷம், நியாயமான பேரம்தான்.

டீ வந்தது. பழக்க தோஷத்தில் இருவரும் அவசர அவசரமாக ஊதிக் குடித்தார்கள். எங்கோ ஒரு கம்பெனி வண்டி ஹாரன் அடித்தது. மாரிசெல்வி சட்டென்று டம்ளரை வைக்கப்போனாள். இசக்கி அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினான். அது வேறு யாருக்கோ அடித்த ஹாரன்.

இருவரும் டம்ளருக்குள் பார்த்தார்கள். அடியில் சர்க்கரை தங்கியிருந்தது. இந்தக் கடை டீயில் இவ்வளவு இனிப்பு இருக்கிறது என்பது இத்தனை நாளும் அவர்களுக்குத் தெரியாது.

"அண்ணாச்சி, இன்னும் ரெண்டு டீ" என்றாள் மாரிசெல்வி.